மரத்தடி வரிசை

இட்லி விளையாட்டு என்று ஒன்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையா? நானும் கேள்விப்பட்டதில்லை. இத்தனை வருஷமாக பி.டி. டீச்சராக இருக்கிறேன். கபடி தெரியும், கோகோ தெரியும், எறிபந்தில் மாவட்டத்துக்கே ஆடியிருக்கிறேன். இட்லி என்று ஒரு விளையாட்டை நான் பார்த்ததில்லை. பந்துதான் இட்லியாம். இப்போதுதான் பானையிலிருந்து எடுத்ததாம். சுடுமாம். "ஆ, சுடுது சுடுது" என்று பக்கத்துப் பிள்ளையின் கையில் தள்ள வேண்டுமாம். அந்தப் பிள்ளை அதை வாங்கி, ஊதிவிட்டு, அடுத்த பிள்ளையிடம் தர வேண்டுமாம். ஊதிவிட்டு! ரப்பர் பந்தை! நடு மைதானத்தில் ஒரு வகுப்பே வட்டமாக உட்கார்ந்து பந்தை ஊதிக்கொண்டிருந்தால், ரோட்டில் போகிறவன் என்ன நினைப்பான்?

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மா, பஸ் சீட்டுக்கு இடையில் எனக்கு இந்த முழங்கால் மடங்காது. ஆமாம், திண்டுக்கல்தான் போகிறேன். நீங்களும் அங்கேதானா? நல்லது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட் ஃபாதர் அங்கேதான் இருக்கிறார். அவரை நேரில் பார்த்துக் கேட்கப் போகிறேன். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என்னிடமே இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். சம்பளத்தைக் கூட்டு என்று கேட்டேனா? லீவு கேட்டேனா? என் பிள்ளைகளை என்னிடமே விடு என்கிறேன், அவ்வளவுதான்.

கோபமா? எனக்கா? கோபமெல்லாம் இல்லை. மைதானத்தில் கத்திக் கத்தி என் குரலே இப்படி ஆகிவிட்டது. வீட்டில் ரசத்துக்கு உப்புக் கேட்டால்கூட சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் இருந்தபோது சொல்வார்.

சரி, கேளுங்கள். சத்தியகலா என்று ஒரு பெண். போன வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராக வந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தவள்தான். ஒன்றிலிருந்து எட்டு வரை என் விசிலுக்கு ஓடியவள். வந்த முதல் நாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "டீச்சர், உங்க விசில் சத்தம் கேட்டா எனக்கு இன்னமும் வயித்தைக் கலக்குது டீச்சர்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாருங்கள், படித்து முடித்து, கல்யாணமும் ஆகி, ஒரு பிள்ளையும் பெற்றவள், அந்த மரியாதையை இன்னும் வயிற்றில் வைத்திருக்கிறாள். இந்தக் காலத்தில் யார் அப்படி இருக்கிறார்கள்?

எனக்கு அவள் முகம் ஞாபகமில்லை. எந்த டீமில் இருந்தாய் என்று கேட்டேன். "எதுலயும் இல்ல டீச்சர், நான் மரத்தடி வரிசை" என்றாள்.

மரத்தடி வரிசை என்றால் உங்களுக்குத் தெரியாது இல்லையா? அது என் ஏற்பாடு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர்கள். விசில். பந்து. பிடித்தவன் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வருவான். விட்டவன் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். அங்கே நின்று மற்றவர்கள் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தானே தெரியும்? பீரியட் முடியும்வரை நிற்கட்டும். அடித்தேனா? அடித்ததில்லை. ஒரு பிள்ளையைக்கூட நான் கை நீட்டி அடித்தது கிடையாது. நிழலில்தான் நிற்க வைத்தேன். வெயிலில் நிறுத்துகிற டீச்சர்களைப் பார்த்திருக்கிறேன் நான்.

"கையை நீட்டு, கண்ணைத் திற, பல்லைக் கடி." இவ்வளவுதான் பாடம். பந்து பிடிப்பதற்கு இதற்கு மேல் என்ன இருக்கிறது?

எனக்கு யார் பலூன் கொடுத்தார்கள்? எங்கள் மாஸ்டர் மழையில் நனைந்த பந்தை வேண்டுமென்றே எடுத்து வீசுவார். ஈயக்குண்டு மாதிரி வரும். இதோ இந்தச் சுண்டுவிரலைப் பாருங்கள், கோணலாக இருக்கிறதா? அது அவர் வீசினதுதான். "அழுதா வீட்டுக்குப் போயிரு" என்பார். நான் அழவில்லை. வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் வைத்துத்தான் அழுதேன். அதனால்தான் மாவட்டத்துக்கு ஆடினேன். அந்த மாஸ்டர் செத்தபோது நான் போகவில்லை, அன்றைக்குத் தலைவலி. ஆனால் நல்ல மாஸ்டர். அவர் மாதிரி இன்றைக்கு யாரும் இல்லை.

எங்கே விட்டேன்? ஆ, பலூன்.

இந்தப் பெண் ஒருநாள் பை நிறைய பலூன் கொண்டு வந்தாள். ஒன்றாம் வகுப்பு கணக்குப் பீரியடில் மைதானத்தில் இறக்கிவிட்டாள். பிள்ளைகள் அதைத் தட்டுவதும், அது மெதுவாக மெதுவாக இறங்குவதும், இதுகள் கீழே கையை ஏந்திக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதும்! ஒன்றோடு ஒன்று மோதி விழுகிறதுகள். விழுந்தால் சிரிக்கிறதுகள். நான் ஆறாம் வகுப்புக்கு எறிபந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெரிய பிள்ளைகள் ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் பலூனைத்தான் பார்க்கிறதுகள்.

ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். "ஏன்டி, இதென்ன பிறந்தநாள் வீடா?"

"இல்ல டீச்சர். சின்னப் பிள்ளைங்களுக்குப் பந்து வர்றதைப் பாக்கறதுக்கே நேரம் வேணும். பலூன் மெதுவா வரும். பாத்துக்கிட்டே இருந்து பிடிச்சிரலாம். அப்புறம் கைக்குட்டை, அப்புறம் துணிப்பந்து, அப்புறம்தான் ரப்பர் பந்து."

"அப்புறம் பேரன் பேத்தி எடுத்தப்புறம் கிரிக்கெட் பந்தா?"

எல்லா டீச்சர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நம்மைக் கிண்டல் செய்தால் முகம் சுருங்க வேண்டாமா? அவள்பாட்டுக்குச் சிரித்துவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்து, "எலுமிச்சம்பழச் சாதம் டீச்சர், கொஞ்சம் எடுத்துக்குங்க" என்கிறாள். எடுத்துக்கொண்டேன். புளிப்பு ஜாஸ்தி.

அதற்குப் பிறகு என்னென்னமோ வந்தது. கைக்குட்டையை உயரத் தூக்கிப் போட்டு, அது தரையைத் தொடுவதற்குள் ஒரு தடவை கைதட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு தடவை தட்டினால் பெரிய ஆள். பந்தைக் கோழிக்குஞ்சு என்பாள். "குஞ்சு கூட்டுக்கு வருது, கூட்டைத் திறந்து வைங்க" என்று இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி வைக்கச் சொல்வாள். இறுக்கிப் பிடித்தால் குஞ்சுக்கு வலிக்குமாம், மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டுமாம். பாவாடையை விரித்துப் பிடிப்பது. இரண்டு பேராகத் துண்டை விரித்துப் பிடிப்பது. பந்தை உருட்டி உட்கார்ந்தே பிடிப்பது. இதெல்லாம் பிடிப்பதா? நீங்களே சொல்லுங்கள். எந்த மேட்சில் அம்மா துண்டு விரிக்கிறார்கள்?

லோகிதா என்று ஒரு குட்டி. ஒன்றாம் வகுப்பு. என் பீரியடில் அவளுக்கு மரத்தடிதான் நிரந்தரம். என் பீரியட் வியாழக்கிழமை. வியாழக்கிழமை காலையானால் அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும். அவள் அம்மா வந்து அழுதாள். "பூச்சி மருந்து கொடு" என்றேன். கொடுத்தாளாம், நிற்கவில்லையாம். அந்தக் குட்டி இவளோடு ஆட ஆரம்பித்த பிறகு என்ன ஆட்டம், என்ன சத்தம்! வயிற்று வலியே இல்லையாம். பூச்சி மருந்து கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும், அது யாருக்கும் தெரிவதில்லை. நல்ல பெயர் இவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு அம்மா சொன்னாள், இன்னொரு அம்மா சொன்னாள், எங்கள் எச்.எம். ரொசாரி சிஸ்டர் காதுக்குப் போனது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "ஜெசிந்தா, ஜூனிலேருந்து ஒண்ணு, ரெண்டு, ரெண்டு கிளாசுக்கும் விளையாட்டுப் பீரியடை கலா எடுக்கட்டுமே? உங்களுக்கும் முழங்கால் வலி. நீங்க பெரிய கிளாஸ் மட்டும் பாருங்க" என்றார். எவ்வளவு அன்பாகச் சொல்கிறார் பாருங்கள்! முழங்கால் மேல் அவருக்கு என்ன திடீர் அக்கறை?

பெரிய கிளாஸ் என்றால் என்ன தெரியுமா? பையன்கள் அவர்களாக மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் நிழலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வார்கள். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், காவல்காரி மாதிரி. நான் போனாலும் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. சின்னதுகள் அப்படி இல்லை. நான் கேட்டுக்குள் நுழைந்தாலே கிசுகிசு நின்றுவிடும். வரிசை தானாக நேராகிவிடும். வீட்டில் யாரும் இல்லாதவளுக்கு, ஒருவர் நம்மைக் கண்டு நிமிர்ந்து நிற்கிறார் என்பது... சரி, அதை விடுங்கள். டிசிப்ளின் என்று ஒன்று வேண்டாமா, அதைத்தான் சொல்கிறேன்.

"முடியாது சிஸ்டர்" என்றேன். "யார் நல்லாச் சொல்லிக் குடுக்கறாங்கன்னு அப்பா அம்மா முன்னால வச்சுப் பாத்துருவோம்."

சிஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். முதலில் என் இரண்டாம் வகுப்பு. விசில், பந்து, விசில், பந்து. சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை. இரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. முக்கால்வாசிப் பிள்ளைகள் பிடித்தார்கள். விட்டவர்கள் நான் சொல்லாமலே மரத்தடிக்கு நடந்தார்கள். சொல்லாமலே! அதற்கு ஒரு கைதட்டு வர வேண்டுமா இல்லையா? நாலு பேர் தட்டினார்கள். ஒரு அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் நின்றதுகளில் ஒன்றின் அம்மா எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இப்படிச் செல்லம் கொடுத்தால்?

பிறகு அவள். இட்லி. உடனே ஒரே கூத்து. ஒரு அப்பா, சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிறவர், கனமான மனுஷன், நாற்காலியை விட்டு இறங்கி வட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏ, சட்னி எங்கடா?" என்கிறார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கிறதுகள். ஒரு அம்மா துப்பட்டாவை விரிக்கிறாள். சிஸ்டர், அறுபது வயது சிஸ்டர், கைக்குட்டையைத் தூக்கிப் போட்டுக் கைதட்டுகிறார்! நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஒரு வருஷத்தில் இவள் பந்து பிடித்து நான் பார்த்ததே இல்லை. போடுவாள், உருட்டுவாள், ஊதுவாள், கைதட்டுவாள். பிடித்ததே இல்லை. இவள் பிடிக்கிற முறை வந்தால் வேறு பிள்ளையை முன்னால் தள்ளிவிடுவாள்.

விசிலை ஊதினேன். எல்லாம் அப்படியே நின்றது.

"சத்தியகலா, பிடி!" என்று சொல்லிப் பந்தைப் போட்டேன். வேகமாகக்கூட இல்லை. ஒன்றாம் வகுப்புக்குப் போடுகிற வேகம்தான்.

என்ன செய்தாள் தெரியுமா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி... அப்படியே மரத்தடிப் பிள்ளை மாதிரி. பந்து மணிக்கட்டில் பட்டுத் தெறித்து உருண்டு போனது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! "பாத்தீங்களா?" என்றேன். "எல்லாரும் நல்லாப் பாருங்க. பந்து பிடிக்கத் தெரியாதவதான் உங்க பிள்ளைங்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் குடுக்கறா!" என் சத்தம் மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "ஆமா டீச்சர், எனக்கு வராது" என்றாள்.

மறைக்கக்கூட இல்லை பாருங்கள்! எட்டு வருஷம் நான் சொல்லிக் கொடுத்து, எனக்கு வராது என்று ஊர் முன்னால் சொல்கிறாள். சொல்லிக் கொடுத்தவளுக்கு எவ்வளவு அவமானம்? சில பிள்ளைகள் அப்படித்தான், எந்த டீச்சர் வந்தாலும் ஏறாது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்தக் குட்டி, லோகிதா, எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். "டீச்சர், ஒரு அடி முன்னாடி வாங்க."

"எதுக்கு?"

"பந்து விழுந்துருச்சுல்ல? விழுந்தா போட்டவங்க ஒரு அடி முன்னாடி வரணும்."

"விட்டவங்க?"

"விட்டவங்க அங்கேயே நிக்கலாம். போட்டவங்கதான் வரணும். அதான் டீச்சர் ஆட்டம்."

இதென்ன அநியாயம்? விட்டவள் அவள், நடக்க வேண்டியது நானா? உலகத்தில் எங்கேயாவது இப்படி ஒரு சட்டம் உண்டா? நான் அசையவில்லை. அதுகள் விடவில்லை. எல்லாம் சேர்ந்து, "வாங்க டீச்சர், வாங்க டீச்சர்" என்று கத்துகிறதுகள். என்னைப் பார்த்து! என் எதிரில் வாயே திறக்காததுகள்! சிஸ்டர் சொல்கிறார், "வாங்க ஜெசிந்தா, ஆட்டம்னா ஆட்டம்தான்."

சரி, எத்தனை தடவை விட்டாலும் அவள் மானம்தானே போகும் என்று கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தேன். போட்டேன். கண்ணை மூடினாள். விழுந்தது. "இன்னொரு அடி!" மறுபடி போட்டேன். விழுந்தது. அந்த வெங்காயக்காரர், "டீச்சர், இப்படியே போனா அவங்க மடியிலதான் போய் உக்காரணும்!" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளை ஓடி ஓடிப் பந்தை எடுத்து வந்து என் கையில் கொடுக்கிறது. நானும் விடவில்லை. போடுகிறேன், விழுகிறது, நடக்கிறேன். போடுகிறேன், விழுகிறது, நடக்கிறேன்.

கடைசியில் கை நீட்டினால் தொடுகிற தூரம்.

நான் அவ்வளவு கிட்டே போய்ப் பிள்ளைகளைப் பார்த்தது கிடையாது அம்மா. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பேன். அங்கேயிருந்து பார்த்தால் கண் மூடியிருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். கிட்டே போனால் அந்த இமை இருக்கிறதே, அது மூடிக்கொண்டே நடுங்குகிறது. மழையில் நனைந்த பட்டாம்பூச்சி மாதிரி. மேல் உதட்டில் வேர்வை. ஒரு பிள்ளை பெற்றவள், அவளுக்கு ஏழு வயது மாதிரி இருந்தது. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "கண்ணைத் திறடி" என்றேன். திறக்கவில்லை. எரிச்சலாக வந்தது. எதற்கு எரிச்சல் என்று கேட்காதீர்கள். வெயில், காலையில் சாப்பிடவும் இல்லை.

ஆனால் கையை மட்டும் நீட்டினாள். கிண்ணம் மாதிரி. பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவாளே, அதே மாதிரி.

நான் போடவில்லை. அந்தத் தூரத்தில் என்னத்தைப் போடுவது? வைத்தேன். அவ்வளவுதான். பந்தை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்புறம்தான் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "டீச்சர்" என்றாள்.

பிள்ளைகள் போட்ட சத்தம் இருக்கிறதே! குதிக்கிறதுகள், தரையில் உருள்கிறதுகள். அவளுக்கு என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. "ஜெசிந்தா டீச்சர் ஜெயிச்சிட்டாங்க, ஜெசிந்தா டீச்சர் ஜெயிச்சிட்டாங்க!" என்று என் சேலையைப் பிடித்து இழுக்கிறதுகள். அந்த ஆட்டத்தில் பந்து விழாமல் போட்டவர்தான் ஜெயித்தவராம். சேலை மடிப்பே கலைந்துவிட்டது. இரண்டு பக்கமும் இரண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறதுகள். லோகிதா இந்தக் கோணல் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, "இது ஏன் டீச்சர் இப்படி இருக்கு? வலிச்சுச்சா?" என்கிறாள். மைதானத்தில் பி.டி. டீச்சரிடம் பேசுகிற பேச்சா இது? கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். நேராக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. கோபம்தான். கோபத்தில் தூக்கம் வராது எனக்கு.

தாடிக்கொம்பு வந்துவிட்டதா? அப்படியானால் இன்னும் கொஞ்ச தூரம்தான்.

ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். முகத்துக்கு நேராகச் சொல்வேன். அவள் பிடிக்கவில்லை ஃபாதர், நான்தான் கொண்டுபோய்க் கையில் வைத்தேன், அதைப் பார்த்துவிட்டு ஊரே கைதட்டுகிறது என்று சொல்வேன். என்ன அம்மா அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் சொல்வதில் என்ன தப்பு? அதற்குப் பெயர் பிடிப்பதா? போடுகிறவள் அவ்வளவு கிட்டே வந்து, கையைப் பார்த்து, பத்திரமாக வைத்தால், யாருக்குத்தான் பிடிக்க வராது? நீங்களே சொல்லுங்கள், யாருக்குத்தான் வராது?